பழைய போர்ஷே 911-க்குப் புது கம்ப்ரசர் மட்டும் போட்டால் ஏசி குளிருமா?

கேட்டவரிடம் இருப்பது 1986 மாடல் 911 கரேரா. ஏசியில் வெறும் காற்றுதான் வருகிறதாம். ஏசியில் குளிரூட்டப் பயன்படும் பழைய ஆர்12 கேஸ் கிடைக்காததால், அதற்குப் பின் வந்த ஆர்134ஏ கேஸுக்கு மாறப் போகிறார். பழைய கம்ப்ரசரைக் கழற்றிவிட்டுப் சாண்டன் கம்பெனியின் புது கம்ப்ரசர் ஒன்றை மாட்டினால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. ஷார்ஜாவில் கார் ஏசி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் காரில் பணத்தை முதலில் கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரிலும், கேஸ் ஓடும் ஹோஸிலும் போடுங்கள். கம்ப்ரசர் பிறகு.

911-இன் அமைப்பே அப்படி. எஞ்சினும் கம்ப்ரசரும் பின்னால் இருக்கின்றன, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் முன்னால் இருக்கிறது. ஒரு கண்டென்சர் எஞ்சின் மூடியின் கிரில்லுக்கு அடியில். இன்னொன்று முன் பம்பருக்குக் கீழே. ஆகவே ஹோஸ் காரின் நீளம் முழுக்கப் போய்த் திரும்பி வருகிறது. அந்தக் காலத்து ஹோஸ் ஆர்12-க்காகச் செய்த சாதாரண ரப்பர். ஆர்134ஏ-வின் மூலக்கூறு ஆர்12-இன் மூலக்கூறைவிடச் சிறியது. ரப்பர் சுவரின் வழியாகவே மெல்ல வெளியேறிவிடும். எந்த இணைப்பில் லீக் என்று தேடினால் எதுவும் அகப்படாது, ஆனால் அடுத்த கோடைக்குள் கேஸ் குறைந்திருக்கும். உள்ளே நைலான் அடுக்கு உள்ள பேரியர் ஹோஸ்தான் இதற்குத் தீர்வு.

அடுத்தது கண்டென்சர். 60 டிகிரி வெப்பத்தில் ஆர்12-இன் அழுத்தம் ஏறக்குறைய 15 பார் என்றால், ஆர்134ஏ-வுக்கு 17 பாரை ஒட்டி வரும். பழைய கண்டென்சர் ஆர்12-க்கே திணறிக்கொண்டிருந்த ஒன்று. ஓடும்போது எஞ்சினின் விசிறி பின்பக்கக் கண்டென்சரின் வழியாகக் காற்றை இழுப்பதால் சமாளித்துவிடும். சிக்னலில் நிற்கும்போது விசிறியின் வேகம் குறைகிறது. வண்டியை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து எடுத்தால், எஞ்சினின் சூடு முழுதும் மேலே ஏறிக் கண்டென்சரை வேகவைத்திருக்கும். இங்கே ஜூலையில் 45 டிகிரி வெயிலில் அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பழைய குழாய்வகைக் கண்டென்சர்களை எடுத்துவிட்டுப் பல மெல்லிய குழாய்களில் கேஸ் ஒரே சமயத்தில் ஓடும் பேரலல் ஃப்ளோ வகையைப் போடுங்கள். முடிந்தால் பின் ஃபெண்டருக்குள் விசிறியுடன் மூன்றாவதாக ஒன்று. இந்த ஊர் வெயிலுக்கு அதை ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன்.

இப்போது கம்ப்ரசர். உங்கள் காரில் இருப்பது நிப்பான்டென்சோ 10பி15 என்றால், அது பத்து சிலிண்டர் உள்ள உறுதியான சாமான். தண்டின் சீலில் எண்ணெய் கசியாமல் சீராகச் சுற்றினால், பழைய எண்ணெயை வடித்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். யாரோ சாண்டன் வாங்கச் சொன்னார்கள் என்பதற்காக மாற்ற வேண்டாம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், எஸ்டி508 என்ற சாண்டன் மாடல் எண்ணை மட்டும் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள். அதே எண்ணில் பலவகை ஹெட்கள் வருகின்றன: சிலவற்றில் துவாரம் மேல்நோக்கி இருக்கும், சிலவற்றில் பின்நோக்கி, சில விரிந்த வாயுள்ள ஃப்ளேர் இணைப்பு, சில ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் இணைப்பு. புல்லியின் விட்டமும் பள்ளங்களின் எண்ணிக்கையும் வேறுபடும். பிராக்கெட்டும் வேறு வேண்டியிருக்கும். பெல்ட் நேர்கோட்டில் அமையாவிட்டால் எவ்வளவு நல்ல கம்ப்ரசரும் பயன்படாது.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஆர்12-உடன் ஓடிய மினரல் ஆயில் ஆர்134ஏ-வில் கரையாது. கூலிங் காயிலில் தேங்கிவிடும், கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் காயும். முழுதும் ஃப்ளஷ் செய்து எஸ்டர் ஆயில் ஊற்றுவது என் வழக்கம். இன்னொரு வகையான பேக் (பிஏஜி) ஆயில் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், மிச்சமிருக்கும் பழைய எண்ணெயோடும் ஒத்துப்போகாது. கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையர் கட்டாயம் புதிது: பழையதில் உள்ள எக்ஸ்எச்-5 மணிகள் ஆர்134ஏ-வுக்கு ஆகாது, எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 கேளுங்கள். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, ஓ-ரிங்குகள் ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கூலிங் காயில் ஓட்டையில்லாமல் இருந்தால் அதுவே இருக்கட்டும்.

இந்தப் பட்டியல் 911-க்கு மட்டும். மற்ற பழைய கார்களில் சிக்கல் வேறிடத்தில் இருக்கலாம். 

கேஸை எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். ஆர்12-க்கு எழுதியிருக்கும் அளவில் 80 முதல் 85 சதவீதத்தில் தொடங்கினால் போதும். அதிகம் ஏற்றினால் அழுத்தம் கூடிக் குளிர்ச்சி குறையும்.

"ஆர்12-க்கு நேரடி மாற்று, எதையும் கழற்ற வேண்டாம்" என்று சில சிலிண்டர்களை விற்கிறார்கள். உள்ளே இருப்பது எளிதில் தீப்பற்றும் புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலவை. நன்றாகவே குளிரும், மறுக்கவில்லை. ஆனால் 911-இல் பெட்ரோல் டாங்கும் கூலிங் காயிலும் முன்பக்கத்தில் அருகருகே இருக்கின்றன. அந்த கேஸை ஏற்றச் சொல்லி வரும் வண்டியை நான் தொடுவதில்லை.