பிட்காயின் வாலட்டுக்கு எந்த லைப்ரரி?

"பைத்தானில் பிட்காயின் வாலட் ஒன்று எழுதுகிறேன். ஓபன்எஸ்எஸ்எல், லிப்சோடியம், லிப்செக்பி256கே1 என்ற மூன்று கிரிப்டோகிராஃபி லைப்ரரிகளில் எது வேகம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேகத்தை விடுங்கள். பணம் அனுப்ப வாலட் ஒரு நேரத்தில் நாலைந்து டிஜிட்டல் கையொப்பம் போடும், அதில் மில்லி செகண்ட் கணக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை.

லிப்சோடியம் அருமையான லைப்ரரி, ஆனால் பிட்காயின் கையொப்பங்களுக்கு அடிப்படையான செக்பி256கே1 என்ற கணித வளைவே அதில் கிடையாது. ஓபன்எஸ்எஸ்எல்லில் உண்டு, பிட்காயினின் முதன்மை மென்பொருளான ‘பிட்காயின் கோர்’கூட ஆரம்பத்தில் அதை நம்பித்தான் இருந்தது. 2015 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தில், கையொப்பத்தின் டிஇஆர் வடிவம் (அதை பைட்டுகளாக எழுதும் முறை) கொஞ்சம் பிசகினாலும் ஏற்காமல் ஓபன்எஸ்எஸ்எல் கறாராகிவிட்டது. மற்ற மென்பொருளுக்கு அது நல்ல செய்தி. பிட்காயினிலோ பாதி நோடுகள் (பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினிகள்) ஏற்கும் பிளாக்கை மீதிப் பாதி தள்ளினால் செயினே இரண்டாகப் பிளந்துவிடும். அதனால்தான் கறாரான வடிவத்தையே எல்லோருக்கும் விதியாக்கினார்கள் (பிஐபி 66 என்ற முன்மொழிவு), 2016இல் வந்த பிட்காயின் கோர் 0.12 பதிப்பிலிருந்து கையொப்பச் சரிபார்ப்பை லிப்செக்பி256கே1 ஏற்றுக்கொண்டது.

சரி, உங்களுடையது நோடு இல்லை, வாலட்தானே? அப்போதும் என் ஓட்டு அதற்குத்தான். பிட்காயின் பயன்படுத்தும் ஈசிடிஎஸ்ஏ முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் நான்ஸ் என்று ஒரு ரகசிய எண் வேண்டும், ஒரே சாவியில் அது இரண்டு வேறு செய்திகளுக்கு ரிப்பீட் ஆனால் பள்ளிக்கூட அல்ஜீப்ராவை வைத்தே பிரைவேட் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். 2013இல் ஆண்ட்ராய்டின் ரேண்டம் எண் கோளாறால் வாலட்டுகளில் பணம் போனது இப்படித்தான். லிப்செக்பி256கே1 வழக்கமாக ஆர்எஃப்சி 6979 என்ற தரநிலையின் முறையில் சாவியையும் செய்தியையும் வைத்தே நான்ஸைக் கணக்கிடுகிறது, அதிர்ஷ்டத்தை நம்புவதில்லை. நேரத்தை அளந்து சாவியை ஊகிக்க முடியாதபடி, சாவியைத் தொடும் கணக்குகள் எப்போதும் ஒரே நேரம் எடுக்கும்படியும் எழுதியிருக்கிறார்கள். முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய லைப்ரரிகளில் இதை எதிர்பார்க்க முடியாது. கற்றுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைத் தொட வேண்டாம். பைத்தானிலிருந்து லிப்செக்பி256கே1ஐக் கூப்பிட காயின்கர்வ் என்ற பேக்கேஜ் இருக்கிறது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: சீட், அதாவது வாலட்டின் எல்லாச் சாவிகளும் பிறக்கும் ரகசிய எண். அதை எந்த லைப்ரரியும் காப்பாற்றாது. லிப்பிட்காயின் திட்டத்தின் பிஎக்ஸ் கருவி, பாதுகாப்புக்கு உதவாத மெர்சேன் ட்விஸ்டர் என்ற ரேண்டம் எண் முறையை வெறும் 32 பிட்டில் தொடங்கி சீட் உருவாக்கியது 2023இல் அம்பலமானது. அதற்குள் பலரின் காயின்கள் காலி. பைத்தானின் ரேண்டம் மாட்யூலும் அதே மெர்சேன் ட்விஸ்டர்தான். உங்கள் கோடில் அது சீட் பக்கம் எங்காவது எட்டிப்பார்க்கிறதா என்று இன்றைக்கே தேடி, இருந்தால் சீக்ரெட்ஸ் மாட்யூலுக்கு மாற்றிவிடுங்கள்.