உறையில் மகனின் பெயர்

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

நான் பிரித்தானியாவுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் பிரிந்துபோய் எட்டு ஆண்டுகள். மகனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். வலது கை உதவாது, பேச்சு இழுத்து இழுத்து வரும். அவனுக்குப் பின் 12 வயதில் ஒரு மகள்.

சென்ற மாதம் மகனுக்கு 16 வயது நிறைந்தது. இதுவரை அவனுக்காக என் கணக்கில் விழுந்த டி.எல்.ஏ., அதாவது உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை, முடிகிறதாம். இனி பெரியவர்களுக்கான உதவித்தொகையான பி.ஐ.பி.க்கு அவனே விண்ணப்பிக்க வேண்டுமாம். கடிதம் அவன் பெயருக்கு வந்தது. 16 ஆண்டுகள் தூக்கிக் குளிப்பாட்டியவள் நான், இரவில் மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பவள் நான். உறையில் என் பெயர் இல்லை.

இது எப்படியோ அவனுடைய அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "அவனுக்குச் சொந்தமாகவே பணம் வருகிறதே, இனி நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று தொலைபேசியில் கேட்டார். பிள்ளைகளுக்கான சைல்ட் மெயின்டெனன்ஸ் பணத்தை மூன்று தடவை நினைவூட்டினால்தான் அனுப்புவார். பிறந்தநாளுக்குக்கூட வரவில்லை. கேட்க மட்டும் வாய் இருக்கிறது.

நான் வேலையை விட்டது மகனுக்காக. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக அரசு எனக்குத் தருவது கேரர்ஸ் அலவன்ஸ். அதோடு அவனுடைய பணமும், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட்டும் சேர்ந்துதான் வாடகை, மின்சாரம், மகளின் வகுப்புக் கட்டணம் எல்லாம். அவருக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் இரவு அவர் எழுந்து பிள்ளையைப் புரட்டியிருப்பாரா? சென்ற வாரம் மகன் தங்கிப் படிக்கும் ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தான். கணினிப் படிப்பாம். "நான் போனால் உங்களுக்கு வரும் காசு நின்றுவிடும், இல்லையா அம்மா?" என்று கேட்டுவிட்டு, அவனே அதைக் கிழித்துப் போட்டான். ஒற்றைக் கையால் கிழிக்க அவனுக்கு நேரம் எடுக்கும். நான் அப்போது சமைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் பணத்தை அவன் சார்பில் நான் வாங்கி நிர்வகிக்கும்படி என்னையே மறுபடியும் பொறுப்பாளராகப் போட முடியுமா? அப்பாயின்டி என்கிறார்கள். அவனுடைய அப்பா பணத்தை நிறுத்தினால் என்ன செய்வது? இத்தனை செய்தவளுக்கு ஒரு கடிதத்தில்கூட இடமில்லையா?

இப்படிக்கு,
ஒரு தாய்

*

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அவனுடைய அப்பாவின் கேள்வியை முடித்துவிடுகிறேன். அவர் சொல்வது தவறு. பிள்ளைகளுக்காக அவர் தரும் சைல்ட் மெயின்டெனன்ஸ் பணத்தைக் கணக்கிடும்போது பார்ப்பது கொடுப்பவரின் வருமானத்தை. எத்தனை பிள்ளைகள், எத்தனை இரவு அவரிடம் தங்குகிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். மகனுக்கு வரும் பி.ஐ.பி. அந்தக் கணக்கில் சேராது. மகன் பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவலோ அதற்கு இணையான படிப்போ படிக்கும்வரை, 20 வயதாகும்வரை அந்தப் பொறுப்பு தொடரலாம். மகன் தன் பெயரில் யுனிவர்சல் கிரெடிட் பெறத் தொடங்கினால் மட்டும் கதை வேறு. அப்போது அவனுக்காக நீங்கள் அரசிடம் பெறும் சைல்ட் பெனிபிட்டோடு, அவனுக்காக அப்பா தரும் இந்தப் பணமும் நிற்கும். பி.ஐ.பி. வேறு, அது வேறு. யாராவது இரண்டையும் குழப்பினால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இலவச ஆலோசனை மையம் ஒன்றில் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் அவருக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறீர்கள். மகன் விண்ணப்பத்தைக் கிழித்ததற்கு மின்சாரக் கட்டணத்துக்கும் சமையலுக்கும் நடுவில் நாலைந்து வரிகள். நான் அந்த வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒற்றைக் கையால் கிழிக்க நேரம் எடுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அவனும் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று காத்திருந்திருப்பான். அது வரவில்லை. உங்கள் மனம் கல் என்று நான் நினைக்கவில்லை. அவன் கேட்டது உங்கள் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கேள்வி. அதைப் பிள்ளையின் வாயால் கேட்டதும் நாக்கு எழவில்லை.

தன் உடம்பால் இந்த வீட்டுக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று அந்தப் பையன் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறான். தான் நகர்ந்தால் தங்கையின் வகுப்பு நின்றுவிடும் என்று எண்ணுகிறான். பதினாறு வயதில் அது பெரிய சுமை. நீங்கள் அதை அவன் தலையில் வைக்கவில்லை. ஆனால் அவன் காதுபட வாடகையையும் அவன் பணத்தையும் எத்தனை முறை ஒரே மூச்சில் பேசியிருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பொறுப்பாளர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது, சகோதரி. தன் பணத்தைத் தானே கையாள முடியாதவர்களுக்காக இருப்பது அந்த ஏற்பாடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் 16 வயதிலிருந்து பொருந்தும். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே அது தொடங்குகிறது. இல்லை என்பவர்தான் காட்ட வேண்டும். உங்கள் மகன் பேச்சில் மெதுவானவன். கல்லூரிக்கும் உங்கள் வருமானத்துக்கும் உள்ள முடிச்சை நீங்கள் சொல்லாமலே கண்டுபிடித்தவனுக்கு அந்தத் திறன் இல்லை என்று எந்த அதிகாரியிடம் சொல்வீர்கள்? அதுவும் அவன் பக்கத்தில் இருக்கும்போது?

உறையில் உங்கள் பெயர் இல்லாதது வலிக்கும், எனக்குப் புரிகிறது. 16 ஆண்டுகளாக அந்த வேலைதான் உங்கள் பெயராக இருந்தது. அவன் போனால் அலவன்ஸ் மட்டுமா நிற்கும்? இரவில் மூன்று முறை எழ வேண்டாத வீட்டில் நீங்கள் யார் என்ற கேள்வியும் வரும். உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பேச வாருங்கள். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குகிறேன். மகனிடம் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

இப்போது அவசரமானது ஒன்றுதான். கடிதத்தில் குறித்திருக்கும் நாளுக்குள் அவன் பி.ஐ.பி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படிச் செய்தால் முடிவு வரும்வரை டி.எல்.ஏ. தொடரும். படிவத்தை அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். தனக்கு எது கடினம் என்று அவன் சொல்வதைக் கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். பணம் அவன் கணக்கில் விழட்டும். வீட்டுச் செலவுக்கு அவன் ஒரு பங்கு தரலாம், அதில் குற்றமில்லை. எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள்.

அதற்கு முன் அவன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், மழுப்பாமல். "ஆமாம், நிற்கும். வாரம் 35 மணி நேரம் உன்னைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்த அலவன்ஸ் கிடையாது. தங்கும் செலவை அரசு ஏற்றால் உன் பி.ஐ.பி.யில் ஒரு பகுதியும் நிற்கக்கூடும். அதை ஈடுகட்டுவது என் பொறுப்பு, நான் வேலை தேடுவேன்." சொல்லும்போது அழுகை வந்தால் வரட்டும்.

பிறகு இன்னொரு விண்ணப்பம் அனுப்பச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதச் சொல்லுங்கள். மின்னஞ்சலை அவனே தட்டச்சு செய்யட்டும். நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, இந்த முறை அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.