தாத்தாவின் பாட்டில் தளை தட்டுகிறதா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மறைந்த தாத்தா காசிமேட்டைப் பற்றி இருநூறு அடிக்கு மேல் ஒரு பாட்டு எழுதி வைத்துப் போயிருக்கிறார். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இவர் சொற்களைப் பிரித்துத் தட்டச்சு செய்தார். அதைப் பார்த்த ஒரு 'புலவர்', "பாதிப் பாட்டில் தளை தட்டுகிறது, திருத்தி அச்சிட்டு விருதும் வாங்கித் தருகிறேன், 15,000 ரூபாய் ஆகும்" என்றாராம். கொடுக்கலாமா?

வேண்டாம். தளை தட்டுவது என்றால் அடுத்தடுத்த சீர்கள் ஓசையில் இணையாமல் போவது. நீங்கள் அனுப்பிய அடிகளில் தட்டியது தாத்தா இல்லை, தட்டச்சு. நோட்டில் உள்ளபடி பாருங்கள்:

அலைகடலில் தோணி வருவ தறிந்து
விலைபேச வந்துநின்றார் மீன்வாங்கு வோர்கள்

அடியில் இடம்விட்டு நிற்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர், சீருக்குள் சேர்ந்து ஒலிக்கும் சிறு கூறு அசை. அசையைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். தனித்து ஒலிப்பது நேர். முதலில் குறில் நின்று அடுத்த குறிலோடோ நெடிலோடோ இணைந்து ஒலித்தால் நிரை. வெண்பா ஓசையில், ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். நிரையில் முடிந்தால் நேரில். 'வருவ' நேரில் முடிகிறது, 'தறிந்து' நிரையில் தொடங்குகிறது. சரி. நீங்கள் 'வருவது அறிந்து' என்று பிரித்ததும் முன்சீர் நிரையில் முடிந்து பின்சீரும் நிரையில் தொடங்கி, ஓசை முட்டிக்கொள்கிறது. கணினிக் கருவிகளில் போட்டாலும் இதே கதைதான். நீங்கள் தட்டியதைத்தான் அவை அலகிடும், அதாவது அசை பிரித்துப் பார்க்கும். ஆக, முதல் வேலை, நோட்டில் இருக்கிற சீர்ப் பிரிப்பை அப்படியே மீட்பது. சொல் பிரித்த வடிவம் வேண்டுமானால் பக்கத்தில் தனியாகப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் பாட்டைக் கெடுக்கிறார்கள். நோட்டில் எங்காவது நெடிலுக்குப் பின்னால் 'அ', 'இ' என்று உயிரெழுத்து தனியாக நின்றால் எழுத்துப் பிழை என்று அழிக்காதீர்கள். அது அளபெடை, ஓசைக்காக நெடிலை நீட்டுவது. திருவொற்றியூர்க் கோயிலில் சிவபுராணம் ஓதுவதைக் கேட்டிருப்பீர்கள்: 'நமச்சிவாய வாஅழ்க நாதன்தாள் வாழ்க'. அந்த 'அ' ஏன்? வெறும் 'வாழ்க' என்றால் இரண்டசை, நேரில் முடிகிறது. அடுத்து வரும் 'நாதன்' நேரில் தொடங்குவதால் தளை தட்டும். 'வாஅழ்க' என்று நீட்டியதும் மூன்றசையாகிவிடுகிறது. நேரில் முடியும் மூவசைச் சீருக்குப் பின் நேர் வரலாம். அச்சில் இந்த 'அ'வைத் தூக்கிவிட்டு 'வாழ்க' என்றே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் 'புலவரும்' அதைத்தான் செய்வார், அதற்குக் காசும் கேட்பார்.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் வகுப்பறைதான். ஒரு குறளை அலகிட்டு வாய்ப்பாடு எழுதினால் மதிப்பெண். நெடும்பாட்டை வாய்விட்டுப் படித்து ஓசையைப் பிடிக்க யார் சொல்லித் தருகிறார்கள்? பட்டதாரிகளே பயந்துபோய்க் காசைக் கொடுக்கிறார்கள். விருது என்பது, உங்கள் பணத்திலேயே வாங்கிய பொன்னாடையை மண்டபத்தில் உங்களுக்குப் போர்த்துவது.

எதுகை, மோனை, அணி எல்லாம் எழுதித் தருவதாகவும் சொன்னாராம். எதுகை உங்களுக்கே தெரியும்: அலை, விலை. இரண்டு அடிக்கு ஒன்றாக இந்த இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் அது கண்ணி. தூது, உலா என்ற சிற்றிலக்கியங்களின் நடை. மோனை என்பது சீர்களின் முதல் எழுத்து ஒத்து வருவது; அதற்கு ஒவ்வொரு அடியிலும் முதல் சீரையும் மூன்றாம் சீரையும் பாருங்கள். சில அடிகளில் இருக்காது, குற்றமில்லை. அணிப் பட்டியல் போட்டு முன்னுரையை நிரப்ப வேண்டாம்; மனதில் நின்ற இரண்டு உவமைகளைப் பற்றி எழுதினால் போதும்.

பாட்டு முழுக்க இதே ஓசையில் போனால் அது கலிவெண்பா. அப்படியானால் கடைசி அடியில் மட்டும் மூன்று சீர்தான் இருக்கும். அங்கே ஒரு சீர் குறைகிறது என்று யாராவது சேர்க்க வந்தால், நோட்டை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.