இலவச மின்சாரம் முதல் வீட்டு வாடகை வரை: பொருளாதாரக் கேள்வி-பதில்

கேள்வி: உழவர்களுக்கு இலவச மின்சாரம் கூடாது என்கிறீர்கள். சந்தைப் பொருளாதாரம் பேசுபவர்களுக்கு உழவர்கள்மேல் இரக்கமே கிடையாதா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: இரக்கம் இருப்பதால்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1990-இல் எல்லா உழவர்களுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் இல்லை. எத்தனை யூனிட் ஓடியது என்பதே ஒரு கணிப்பு. அந்தக் கணிப்பின் பேரில்தான் அரசு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. கம்பியில் கசிந்ததும் வழியில் திருடப்பட்டதும் உழவர் பெயரில் எழுதப்பட்டால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்று தெரியாததால், கரண்ட் வந்தவுடன் தானாக ஓடும்படி மோட்டாரை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். வாய்க்கால் நிரம்பி வழிந்தாலும் எழுந்து போய் நிறுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. சில ஆண்டுகளில் நிலத்தடி நீர் கீழே போகிறது. கடன் வாங்கும் வசதியுள்ளவர் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துகிறார். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. மானாவாரியில் சோளம் விதைப்பவருக்கோ பம்புசெட்டே கிடையாது. இந்த மானியத்தில் அவர் கைக்கு ஒரு பைசாவும் வருவதில்லை. உழவர்களிலேயே மிகவும் நலிந்தவரை விட்டுவிடும் திட்டத்தை உழவர் நலத் திட்டம் என்று எப்படி அழைப்பது?

இதற்கிடையில் தொழிற்சாலைகளும் கடைகளும் கூடுதல் கட்டணம் கட்டி இந்தப் பள்ளத்தில் ஒரு பகுதியை நிரப்புகின்றன. அந்தச் செலவு நாம் வாங்கும் பொருளின் விலையில் வந்து சேருகிறது.

மீட்டர் வையுங்கள், யூனிட்டுக்கு விலை வையுங்கள், மானியத் தொகையைப் பணமாகவே உழவரின் வங்கிக் கணக்கில் போடுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் பணம் அவருக்கு. பஞ்சாபில் 2018-இல் ஏறக்குறைய இப்படியொரு திட்டத்தைச் சிறிய அளவில் தொடங்கினார்கள்: மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் உழவருக்கு 4 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. அந்த வசதி இருக்கும்போது மின்கம்பி வழியாக மானியம் தருவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

கேள்வி: 2019 கடைசியில் இலங்கையில் வரியைக் குறைத்தார்கள். வரி குறைந்தால் நாடு வளரும் என்பதுதானே உங்கள் கொள்கை? பிறகு ஏன் திவாலானது? - வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: என்னைப் போன்றவர்கள் நழுவாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி (வாட்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. செலவு இறங்கவில்லை. அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று பாருங்கள், அதுதான் உண்மையான வரி என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் திரும்பத் திரும்பச் சொன்னார். செலவை அப்படியே வைத்துக்கொண்டு வரியைக் குறைத்தால், பாக்கியைக் கடனாகவோ விலைவாசியாகவோ மக்களே கட்டுகிறார்கள். இலங்கையில் மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. சம்பளக்காரர்களின் சேமிப்பை நாடாளுமன்றத்தின் அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டதற்குச் சமம் அது.

அத்தோடு விடவில்லை. டாலர் விலையை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்தார்கள். வெளியில் அதைவிடக் கூடக் கிடைத்ததால், வளைகுடாவில் உழைத்தவர்கள் வங்கியை விட்டுவிட்டு, தனிப்பட்ட முறையில் பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர்கள் மூலம் காசு அனுப்பினார்கள். வங்கிகளில் டாலர் வறண்டது. 2021-இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு, சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள்; அதற்குள் பயிர் பாதிக்கப்பட்டுவிட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு வந்தது. இந்தப் பட்டியலில் வரிக்குறைப்பு ஒன்றுதான் எங்கள் பக்கத்துச் சொல். விலைக் கட்டுப்பாடு, இறக்குமதித் தடை, நோட்டு அச்சடிப்பு ஆகிய மூன்றையும் நாங்கள் காலமெல்லாம் எதிர்த்து வந்திருக்கிறோம்.

கேள்வி: பொதுத்துறை நிறுவனங்களை விற்பது குடும்ப நகையை விற்பதுபோல் ஆகாதா? - வாசகர், திருச்சி

பதில்: ஏர் இந்தியா ஆண்டுக்கு ஆண்டு நஷ்டத்தில் ஓடியது, விமானமே ஏறாதவர் கட்டிய வரியும் அதில் கரைந்தது. 2022 ஜனவரியில் 18,000 கோடி ரூபாய் மதிப்பில் டாடாவுக்குக் கைமாறியபோது, அதில் 15,300 கோடி கடன் பொறுப்பு. ரொக்கம் 2,700 கோடி மட்டுமே. இருபது ஆண்டுகள் முன்னால் விற்றிருக்க வேண்டும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: போட்டியே இல்லாத துறையை ஒரே முதலாளியிடம் கொடுத்துவிட்டு அதைச் சந்தை என்று சொல்லக்கூடாது.

கேள்வி: இதெல்லாம் மேற்கிலிருந்து இறக்குமதியான சிந்தனைதானே? - வாசகர், சேலம்

பதில்: 1952-இல் சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் ராஜாஜி. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி ‘பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்’ (எதற்கும் அரசின் அனுமதி கேட்க வேண்டிய ஆட்சி) என்று அன்றைய ஆட்சிமுறையைக் கண்டித்தவரும் அவரே. 1955-இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் பற்றாக்குறை நிதியை (வரவுக்கு மேல் செலவழிப்பதை) எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதிய பொருளாதார அறிஞர் பி.ஆர். ஷெனாயும் நம்மவர்தான்.

கேள்வி: சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸ் கேட்கிறார்கள். வாடகைக்கு அரசே உச்சவரம்பு வைத்தால் என்ன? - வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் அதைச் செய்து பார்த்துவிட்டோம். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாய வாடகையை நிர்ணயித்தார்கள்; குடியிருப்பவரை வெளியேற்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பழைய வாடகையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். உரிமையாளர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் நிறுத்தினார்கள். காலியான வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு வீடு கிடைக்கவில்லை. இன்றைய பத்து மாத அட்வான்ஸ், ‘காலி செய்ய மாட்டார்களோ’ என்ற அந்தப் பயத்தில் வளர்ந்த பழக்கம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. அது பலன் தர வேண்டுமானால் தகராறுகள் சில மாதங்களில் தீர வேண்டும். வீடுகளும் கூட வேண்டும். சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 1.5-இலிருந்து 2 ஆனது 2019-இல்தான். மெட்ரோ, புறநகர் ரயில் நிலையங்களை ஒட்டிய இடங்களில் அதை இன்னும் தாராளமாக உயர்த்தலாம்.