உயிரியல் பட்டம் முடித்தாயிற்று, அடுத்து என்ன?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கீழே தருகிறேன். நானும் இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் வளர்ந்து விலங்கியல் படித்தவள்தான். இப்போது ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேப்பைப் பார்த்துக்கொள்கிறேன். புது ஆட்களை நேர்முகத்தில் பார்ப்பதும் என் வேலை.

கேள்வி: அக்கா, பயோலஜி முடித்துவிட்டு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை கேட்டேன். பதிவு இல்லாமல் எடுக்க முடியாது என்கிறார்கள். இத்தனை வருஷம் படித்ததற்கு மதிப்பே இல்லையா?

பதில்: மதிப்பு இருக்கிறது தங்கச்சி. ஆனால் அந்த வேலைக்குச் சட்டம் கேட்கும் தகுதி வேறு. 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, மருத்துவ லேப் டெக்னாலஜிஸ்டைப் பதிவு தேவைப்படும் தொழில்களில் சேர்த்திருக்கிறது. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட டிப்ளோமாவோ பட்டமோ இருக்க வேண்டும். பொது உயிரியல் பட்டம் அங்கே செல்லாது. புதிதாக ஒரு டிப்ளோமாவில் சேர நினைத்தால், அந்தப் படிப்பை ஏற்கிறார்களா என்று துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்திடமே கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டு. கல்லூரி முகப்பில் இருப்பவர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதே.

அதே பட்டியலில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் வல்லுநரும் உண்டு. டிங்கி, மலேரியா பரப்பும் கொசுக்களைப் பற்றிய வேலை. உன் பாடங்களில் விலங்கியலும் பூச்சியியலும் கணிசமாக இருந்தால் அதை விசாரித்துப் பார்.

இன்னொரு வழி, மருந்துச் சோதனைகளின் ஒருங்கிணைப்பாளர் வேலை. 2012-இல் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற நிறுவனம், அரசு மருத்துவமனைகளில் நடக்கும் சோதனைகளுக்கு இப்படிப்பட்டவர்களை எடுக்கிறது. மருந்துச் சோதனைகளை முறைப்படி நடத்தக் கற்றுத்தரும் ஜிசிபி என்ற பயிற்சியின் சான்றிதழ் இருந்தால் உன் விண்ணப்பம் முன்னால் நிற்கும். நோயாளியிடம் ஒப்புதல் படிவத்தை விளக்குவது, அடுத்த வருகைக்கு நாள் குறிப்பது, மருந்து வைத்திருக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து எழுதுவது என்று நாள் முழுக்க வேலை இருக்கும். மலாய் சரியாகப் புரியாத ஒரு பாட்டிக்குத் தமிழில் நிதானமாக எடுத்துச் சொல்ல அந்த இடத்தில் ஆள் தேவை.

கேள்வி: வேலை கிடைக்கவில்லை, மாஸ்டர்ஸ் சேரட்டுமா? பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனை என்ன செய்வது?

பதில்: வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் சேராதே தம்பி. ஆராய்ச்சி வழி மாஸ்டர்ஸ் எடுத்தால் ஒரே பேராசிரியரின் கீழ், ஒரே தலைப்போடு பல மாதம் இருக்க வேண்டும். சேருமுன் அவரிடம் மூன்று கேள்வி கேள். ஆராய்ச்சி மானியம் கையில் இருக்கிறதா? அது எப்போது முடிகிறது? உங்களிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மானியம் இருந்தால் உதவி ஆராய்ச்சியாளராக மாதப் படி கிடைக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் உன் கைக்காசில் ரசாயனம் வாங்கும் நிலைகூட வரலாம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதே. நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார். பாட வழி மாஸ்டர்ஸ் வேறு மாதிரி. எந்த வேலைக்குப் போவது என்று தெரிந்த பிறகு அதற்கேற்றதை எடுத்தால் பலன் உண்டு. பிடிபிடிஎன் கடனைப் பற்றிக் கேட்டிருந்தாய். மேற்படிப்பைக் காட்டி ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் கடன் கடன்தான்.

கேள்வி: அப்பா தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். படித்துவிட்டு நானும் தோட்டத்துக்கே போனால் ஊர் என்ன சொல்லும்?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. லயத்து வீட்டில் கஷ்டப்பட்ட தலைமுறை, பிள்ளைகள் வெளியேற வேண்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் நீ போகப் போவது அந்த வேலைக்கு இல்லையே.

உன் பாட்டியிடம் கேட்டுப் பார். அந்தக் காலத்தில் செம்பனையின், அதாவது எண்ணெய்ப் பனையின், பெண்பூவுக்கு மகரந்தத் தூளைப் பவுடரில் கலந்து கையால் தூவினார்கள். பெண்கள் மரம் மரமாகப் போய்ச் செய்த வேலை அது. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆண்பூவில் முட்டையிட்டு வளரும் வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு பெண்பூவுக்கும் போய் வந்தது. கையால் தூவும் வேலை தேவையில்லாமல் போனது. அந்த வண்டின் வாழ்க்கையைப் பூச்சியியல் தெரிந்தவர்கள் பொறுமையாக ஆராய்ந்ததால் வந்த மாற்றம் அது.

இன்றைக்கும் தோட்டத்தில் அப்படிப்பட்ட வேலை நிறைய இருக்கிறது. அடிமரத்தை அழுகவைக்கும் கெனோடெர்மா பூஞ்சைக்கு இன்னும் சரியான மருந்தில்லை. எலிக்கு விஷம் வைப்பதைக் குறைக்கத்தான் எலியைத் தின்னும் கூகைகளுக்குக் கூடாகப் பெட்டி கட்டுகிறார்கள். இயற்கையைக் கெடுக்காமல் செம்பனை பயிரிடுவதற்கான எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 முதல் கட்டாயமாகிவிட்டதால், ஓடைக் கரையையும் காட்டு விலங்குகளையும் கணக்கெடுக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆராய்ச்சிதான் பிடிக்கும் என்றால் பாங்கியில் எம்பிஓபி, அதாவது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் இருக்கிறது. செம்பனையின் மரபணுத் தொகுதியை 2013-இல் வெளியிட்டது அவர்கள்தான். நிர்வாகம் பிடிக்கும் என்றால் உதவி மேனேஜர் பயிற்சிக்கு விண்ணப்பம் போடு. 1919-இல் தொடங்கிய தோட்ட நிர்வாகிகள் சங்கம் (ஐஎஸ்பி) நடத்தும் தேர்வுகளை வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். அப்பாவுக்கு மண்ணும் மரமும் தெரியும். முதல் வருஷம் உனக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

கேள்வி: தொழிற்சாலை நேர்முகத்தில் என்ன கேட்பீர்கள்?

பதில்: நான் கிருமி வளர்த்துப் பார்க்கும் ஒரு அகார் தட்டின் படத்தை மேசைமேல் வைப்பேன். தட்டில் ஒன்றுமே வளர்ந்திருக்காது. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பேன். பலரும் உடனே "கிருமி இல்லை, பொருள் சுத்தம்" என்பார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிருமியை வேண்டுமென்றே போட்ட ஒப்பீட்டுத் தட்டில் வளர்ந்திருந்ததா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதிலும் வளரவில்லை என்றால் கிருமி வளரும் அகார் ஊடகமோ இன்குபேட்டரோ கெட்டிருக்கிறது, அந்தச் சோதனையே செல்லாது. இப்படிக் கேட்பவர்களைத்தான் எடுக்கிறேன், மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருந்தாலும் சரி. விண்ணப்பத்தில் "நுண்ணுயிரியல் தெரியும்" என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. எந்தக் கருவியை நீயே இயக்கினாய், எந்தச் சோதனையை நீயே செய்தாய் என்று எழுது. உணவுத் தொழிற்சாலைக்கு எச்ஏசிசிபி என்ற உணவுப் பாதுகாப்பு முறை, மருத்துவக் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 13485 தரநிலை, சோதனைக்கூடத்துக்கு ஐஎஸ்ஓ 17025 தரநிலை. இவை என்னவென்று படித்துக்கொண்டு வா.

கேள்வி: மகனுக்கு இன்னும் டாக்டர் கனவு இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்தப் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை அரசு ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறது, நிரந்தர இடம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இதெல்லாம் தெரிந்த பிறகும் மகன் உறுதியாக இருந்தால் பேசிப் பாருங்கள். வீட்டை மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: டீச்சராகப் போகலாமா?

பதில்: தாராளமாக. அரசு இடைநிலைப்பள்ளிக்குப் பட்டத்தோடு கல்வியியல் தகுதியும் வேண்டும். உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் பட்டதாரிகளுக்கான கல்வி டிப்ளோமா இருக்கிறது. சேருமுன் டியூஷன் எடுத்துப் பார். பிள்ளைகளோடு பொறுமை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ-வில் அறிவியல் அதிகாரி வேலைக்குப் பதிந்திருக்கிறேன். காத்திருக்கவா?

பதில்: பதிந்தது நல்லது. காத்திருக்காதே, கிடைக்கிற லேப் வேலையில் சேர்ந்துவிடு. கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ மாறினால் அன்றைக்கே பதிவிலும் மாற்று, இல்லாவிட்டால் நேர்முக அழைப்பு பழைய எண்ணுக்குத்தான் போகும்.