ஃபிளாஷ் நன்றாக இருக்கிறதென்று புதுப் போன் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் பிறந்தநாள், மண்டபத்தில் கல்யாணம், எங்கே ஃபிளாஷ் போட்டாலும் முகம் சுண்ணாம்பாக வெளுக்கிறது, பின்னால் ஒரே இருட்டு. பல எல்ஈடி உள்ள புதுப் போன் இதைத் தீர்க்குமா?

பாதி தீர்க்கும். புது ஃபிளாஷ்கள் நிறத்தையும் ஒளி பரவும் விதத்தையும் திருத்தியிருக்கின்றன. தூரத்தை எதுவும் வெல்லவில்லை.

நிறத்தைப் பார்ப்போம். ஃபிளாஷின் வெள்ளை எல்ஈடி பகல் வெளிச்சத்தை ஒத்தது. வீட்டில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள்) வெள்ளை டியூப் எரிந்தால் ஓரளவு பொருந்தும். மண்டபத்தில் 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் எரிந்தால் முகம் நீலம் தட்டி, பின்னணி செம்மஞ்சளாகிவிடும். 2013இல் ஐபோன் 5எஸ் வெள்ளையோடு ஒரு அம்பர் (செம்மஞ்சள்) எல்ஈடியையும் சேர்த்தது இதற்காகத்தான். அறை வெளிச்சத்துக்கு ஏற்ப இரண்டையும் கலக்கும். 2022இல் வந்த ஐபோன் 14 ப்ரோவில் 9 எல்ஈடி. சூம் செய்தால் ஒளியைக் குவிக்கும், அகல லென்ஸுக்கு விரிக்கும். விவோ போன்களின் ஆரா லைட் என்ற பின்புற விளக்கு ஒளிரும் பரப்பையே பெரிதாக்கியது. அதனால் நிழலின் ஓரம் மென்மையாகிறது.

இனி தூரம். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்கு. ஆள் 1 மீட்டரிலும் சுவர் 3 மீட்டரிலும் இருந்தால் சுவருக்குக் கிடைப்பது முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு. உங்கள் இருட்டுப் பின்னணிக்குக் காரணம் இதுவே. ஆளைச் சுவரோரமாக நிறுத்தி நீங்கள் 1.5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சுவர் 2 மீட்டரில் இருந்தால் பாதிக்கு மேல் ஒளி அதற்கும் போகும். அறை விளக்குகளை அணைக்காதீர்கள். திரையில் முகத்தைத் தொட்டு, வரும் சூரியக் குறியை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) விரலால் சற்றுக் கீழே இழுத்தால் வெளுப்பு அடங்கும். கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த நெற்றி கண்ணாடிபோல் மின்னும். படம் எடுக்கமுன் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

ஃபிளாஷ் மேல் டிசு ஒட்டுவது வீண். ஒளி குறையுமே தவிர, ஒளிரும் இடம் அதே சின்னப் புள்ளிதான். கசியும் ஒளி லென்ஸில் பட்டுப் படமும் மங்கும். அதைவிட, இன்னொருவர் தன் போனின் டோர்ச்சைப் பக்கத்திலிருந்து பிடித்து, அதற்கு 15 சென்ரிமீட்டர் முன்னால் ஒரு ஏ4 தாளை வைக்கட்டும். இப்போது தாள் முழுவதுமே விளக்கு. முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் இருந்தால் போதும். உங்கள் ஃபிளாஷை அணைத்துவிடலாம். எந்தப் புது ஃபிளாஷும் இவ்வளவு அழகான முகத்தைத் தராது.

ஓடும் பிள்ளைகளுக்கு எல்ஈடி சரிவராது. நோக்கியா 808, லூமியா 1020 போன்களில் இருந்த செனன் ஃபிளாஷ் (செனன் வாயு நிரம்பிய குழாய்) ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மின்னி அசைவை உறைய வைத்தது. எல்ஈடி நீண்ட நேரம் எரிவதால் கை கால் கலங்கும். செனனுக்கு மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கப்பாசிட்டர் வேண்டும், மெல்லிய போனில் அதற்கு இடமில்லை.

இன்னொன்று: பற்றரி இறங்கினாலோ போன் சூடானாலோ ஃபிளாஷ் வேலை செய்யாமல் போகலாம். அது பழுதல்ல.

அப்படியும் வாங்குவதென்றால், லிபர்ட்டி பிளாசா போன்ற இடங்களில் கடை வெளிச்சத்தில் ஆட்டோவில் ஃபிளாஷ் எரியாது. 'ஆன்' போட்டு, மங்கலான ஒரு மூலையில் வெள்ளைச் சுவரை 1.5 மீட்டரிலிருந்து அகல லென்ஸில் எடுங்கள். நான்கு மூலையும் நடுவோடு ஒத்திருக்கிறதா, சுவர் நீலம் தட்டுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.