‘ஃபால்கன்’ குரல் என்று சொன்னால் எதைப் பாடலாம்?

மேற்கத்திய குரலிசை பயிலும் 19 வயது வாசகி ஒருவர் கேட்கிறார்: “என் குரல் ‘ஃபால்கன்’ வகை என்று ஆசிரியர் சொல்கிறார். இசையமைப்பாளர் அலெவியின் ‘லா ஜுய்வ்’ ஆப்பெராவில் (இசை நாடகத்தில்) ராஷெல் என்ற பாத்திரம் பாடும் ‘இல் வா வெனிர்’ பாடலையும் தந்திருக்கிறார். இந்த வயதில் அதைப் பாடலாமா?”

‘ஃபால்கன்’ என்பது, மேல் ஸ்தாயியை எட்டினாலும் கீழ், நடு ஸ்தாயிகளில் அடர்த்தி மிக்க பெண் குரல் வகை. பாடலை மட்டும் மெதுவாகக் கற்கலாம். முழுப் பாத்திரத்தையும் இப்போது தொடவே வேண்டாம். காரணம், அந்த வகைக்குப் பெயர் தந்த பாடகியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1814இல் பிறந்த கொர்னேலி ஃபால்கன், 1832 ஜூலையில், 18 வயதில், மேயர்பேரின் ‘ரொபேர் லெ தியாபிள்’ படைப்பில் ஆலிஸாகப் பாரிஸ் ஆப்பெரா மேடையேறினார். கீழ் ஸ்தாயியிலும் நடு ஸ்தாயியிலும் அடர்த்தி மிக்க அவருடைய குரலையும் நடிப்பாற்றலையும் மனத்தில் வைத்தே 1835இல் ராஷெலும், 1836இல் மேயர்பேரின் ‘லே யுக்னோ’ ஆப்பெராவின் வாலந்தீனும் ஆகிய பாத்திரங்கள் உருவாயின. இடையில் 1834இல் மொஸார்ட்டின் டோனா ஆன்னா, 1836 இறுதியில் லூயிஸ் பெர்தேனின் எஸ்மெரால்டா என்று கனத்த பாத்திரங்கள் ஓய்வின்றித் தொடர்ந்தன.

1837 மார்ச்சில் நீதர்மேயரின் ‘ஸ்த்ராதெல்லா’ நடந்தபோது, உடன் பாடிய நூரி கேட்ட கேள்விக்கு “நான் தயார்” என்று பாடி விடையளிக்க வேண்டிய இடத்தில் அவருக்குக் குரலே எழவில்லை. அன்று வெளிப்பட்ட ஒலி, தண்ணீர் புகுந்த புல்லாங்குழலின் ஓசைபோலத் தேய்ந்து மறைந்தது என்று இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. பிறகு இத்தாலி சென்று குரலை மீட்க முயன்றார். 1840 மார்ச்சில் பாரிஸில் மீண்டும் மேடையேறியபோது, இழந்தது திரும்பவில்லை என்பது அரங்குக்கே தெரிந்துவிட்டது. அதன்பின் 1897 வரை வாழ்ந்தும் பாரிஸ் ஆப்பெரா மேடைக்கு அவர் திரும்பவில்லை.

இழப்புக்கான காரணம் குறித்துப் பல விளக்கங்கள் உண்டு. முதிராத வயதில், பெரிய அரங்கில், பெரும் வாத்தியக் குழுவுக்கு மேலே ஒலிக்கும்படி பாடியதே முதன்மையானது என்பது என் கருத்து. (அவர் பெயரால் குரல் வகையைக் குறிப்பிடுவோர், அந்தக் குரல் ஐந்தாண்டுகூட நீடிக்கவில்லை என்பதை ஏனோ சொல்வதில்லை.)

ஆகவே, ஒரு பாடலைத் தேரும்போது அதன் உச்ச சுரத்தை உங்களால் எட்ட முடிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பாடல் பெரும்பாலும் எந்த எல்லைக்குள் சஞ்சரிக்கிறது, அங்கே களைப்பின்றி எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பாருங்கள். ‘இல் வா வெனிர்’ பாடலைப் பியானோவுடன், பாதிக் குரலில், சொற்றொடர் சொற்றொடராகப் பயிலுங்கள். அடர்த்தி வேண்டும் என்பதற்காக மார்புக் குரலை (மார்பில் அதிர்வதாக உணரப்படும் கீழ் ஸ்தாயிக் குரலை) மேல் ஸ்தாயிக்கு இழுத்துச் செல்லாதீர்கள். இளம் குரல்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இதனுடன் மொஸார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஆப்பெராவில் கெருபினோ என்ற பாத்திரம் பாடும் பாடல்களையும் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் தனிப்பாடல்களையும் பயில்வது நல்லது. ஃபோரேயின் பாடல்கள் உயர் குரலுக்கும் தாழ் குரலுக்குமாகத் தனித்தனிச் சுருதிகளில் அச்சில் கிடைப்பதால், உங்களுக்கு ஒத்துவரும் பதிப்பை வாங்கிக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு மறுநாள் காலையில் பேச்சுக் குரல் கரகரத்தால் அன்று பாடாதீர்கள். கரகரப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்நாண்களை நேரடியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.